மலேரியா ஒழிப்பின் பக்கவிளைவுகள்

மலேரியா ஒழிப்பின் பக்கவிளைவுகள் என்பது, மலேரியா நோயைப் பரப்பும் கொசுக்களை அழிக்கப் பயன்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லிகளாலும், அந்நோயைக் குணப்படுத்த வழங்கப்பட்ட மருந்துகளாலும் மனிதருக்கும் பிற உயிரினங்களுக்கும் எதிர்பாராத வகையில் நேர்ந்த தீங்குகளைக் குறிக்கும். இத்தீங்குகளை மூன்றாகப் பிரிக்கலாம். அவையாவன: உடலுக்கு நேரும் நச்சு விளைவுகள், சுற்றுச்சூழல் பாதிப்புகள், கொசுக்களும் நோய்க்கிருமிகளும் பெறும் எதிர்ப்புத்தன்மை. இவற்றுள் எதிர்ப்புத்தன்மையே நோய் ஒழிப்புத் திட்டங்களை மிகவும் பாதித்தது. ஏனைய தீங்குகள் பூச்சிக்கொல்லியையோ மருந்தையோ நிறுத்தினால் குறையக்கூடியவை. எதிர்ப்புத்தன்மையோ அந்தக் கருவியையே பயனற்றதாக்கிவிடுகிறது.

இக்கட்டுரை மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும், அதாவது தூத்துக்குடியை உள்ளடக்கிய தமிழகக் கடற்கரையையும் இலங்கையையும் முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

பின்னணி

மலேரியா, பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணியால் ஏற்படும் நோயாகும். இதனை அனோஃபிலிஸ் இனப் பெண் கொசுக்கள் பரப்புகின்றன. கொசுவின் உடலில் இந்த ஒட்டுண்ணி வளர்வதை 1897 ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். அதற்கு முன்பிருந்தே சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் குயினைன் மருந்தாக வழங்கப்பட்டு வந்தது. இதற்காக 1860களில் நீலகிரி மலையில் அரசு சின்கோனாத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன.

தூத்துக்குடி நெடுங்காலமாக இலங்கையுடன் கப்பல் தொடர்பு கொண்ட துறைமுகமாகும். 1914 ஆம் ஆண்டு தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை, இலங்கைக்குச் செல்லும் பயணிகளும் தோட்டத் தொழிலாளர்களும் பெருமளவில் தூத்துக்குடி - கொழும்பு கப்பல்களையே பயன்படுத்தினர். மக்களும் சரக்கும் இவ்வாறு சென்றுவந்ததால் இரு கரைகளின் நோய் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்ததாயிற்று.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர் என்றும், சுமார் 8 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. இலங்கையில் 1934-35 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட கொள்ளைநோயில் மட்டும் சுமார் 80,000 பேர் இறந்தனர். பூச்சிக்கொல்லிகளின் தீங்குகளை மதிப்பிடும்போது, அவை எத்தகைய நோய்க்கு எதிராகக் கொண்டுவரப்பட்டன என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

டி.டி.டியின் வருகை

டி.டி.டி என்னும் வேதிப்பொருள் 1874 ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டிருந்தாலும், அதன் பூச்சிக்கொல்லும் தன்மையை 1939 ஆம் ஆண்டில்தான் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பவுல் முல்லர் கண்டறிந்தார். இதற்காக அவருக்கு 1948 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒருமுறை சுவரில் தெளித்தால் பல மாதங்கள் வரை இதன் நச்சு நீடிக்கும். இரத்தம் குடித்த கொசு சுவரில் அமர்ந்து இளைப்பாறும்போது இறந்துவிடும். மலிவாகவும் கிடைத்ததால் இது பெரும் வரவேற்பைப் பெற்றது.

இந்தியாவில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் வெற்றியைக் கண்டு 1958 ஆம் ஆண்டு அது தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. டி.டி.டி தயாரிப்பதற்காக 1954 ஆம் ஆண்டு இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்னும் அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. 1965 ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 1 இலட்சமாகக் குறைந்தது.

இவ்வெற்றி நீடிக்கவில்லை. 1976 ஆம் ஆண்டில் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 64.7 இலட்சமாக உயர்ந்தது. பூச்சிக்கொல்லித் தட்டுப்பாடு, கண்காணிப்பில் ஏற்பட்ட தளர்வு, நகரங்களைக் கவனியாமை, கொசுக்களின் எதிர்ப்புத்தன்மை ஆகியன இதற்குக் காரணங்களாகும். 1977 ஆம் ஆண்டு, ஒழிப்பு என்னும் இலக்கு கைவிடப்பட்டு, கட்டுப்பாட்டை நோக்கமாகக் கொண்ட திருத்தப்பட்ட செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

கொசுக்களின் எதிர்ப்புத்தன்மை

பூச்சிக்கொல்லியைத் தாங்கும் திறனை ஒரு தனிக் கொசு தன் வாழ்நாளில் கற்றுக்கொள்வதில்லை. ஒரு பகுதியிலுள்ள கோடிக்கணக்கான கொசுக்களுள் மிகச் சிலவற்றிற்கு, மரபணு வேறுபாட்டால் அந்த நச்சைத் தாங்கும் ஆற்றல் முன்பே இருக்கும். தெளிப்பின்போது ஏனையவை இறந்துவிட, இவை மட்டும் பிழைத்து இனப்பெருக்கம் செய்கின்றன. தெளிப்பு எவ்வளவு பரவலாகவும் தொடர்ச்சியாகவும் நடைபெறுகிறதோ, அவ்வளவு விரைவாக இத்தகைய கொசுக்கள் பெரும்பான்மையாகின்றன. கொசு சில வாரங்களிலேயே தலைமுறை மாறுவதால் இம்மாற்றம் ஓரிரு பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்துவிடுகிறது.

தமிழகத்தில் இதற்கான சான்று மிக முன்பே கிடைத்தது. ஈரோடு நகரில் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவின் இளம்புழுக்கள் டி.டி.டியை எதிர்க்கும் தன்மை பெற்றுள்ளன என்னும் ஆய்வுக்குறிப்பு 1956 ஆம் ஆண்டில் வெளியானது. அதாவது, ஒழிப்புத் திட்டம் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே அதன் முதன்மைக் கருவி பலனிழக்கத் தொடங்கியிருந்தது. ஊர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கூலிசிஃபேசிஸ் கொசுவில் இத்தன்மை 1959 ஆம் ஆண்டு குஜராத் பகுதியில் அறியப்பட்டது.

கொசு ஒழிப்பிற்கான தெளிப்பு மட்டும் இதற்குக் காரணமன்று. அதே வேதிப்பொருட்கள் வயல்களிலும் பெருமளவில் தெளிக்கப்பட்டன. வயல்நீரிலும் வாய்க்காலிலும் வளரும் இளம்புழுக்கள் குறைந்த அளவு நச்சை இடைவிடாமல் எதிர்கொண்டன. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி பயன்படுத்துவது 1989 ஆம் ஆண்டில்தான் தடைசெய்யப்பட்டது.

டி.டி.டியால் எதிர்பாராத வேறு தொல்லைகளும் நேர்ந்தன. மூட்டைப்பூச்சிகள் டி.டி.டிக்கு விரைவில் பழகிவிட்டன. தெளிப்பிற்குப் பின்னர் மூட்டைப்பூச்சித் தொல்லை கூடியதாகக் கருதிய மக்கள், தெளிப்பாளர்களை வீட்டிற்குள் விட மறுத்தனர். தெளித்த சுவரைச் சாணமோ மண்ணோ கொண்டு மெழுகுவதாலும், பொங்கல் போன்ற விழாக்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாலும் மருந்துப்படலம் மறைந்து பயன் குறைந்தது.

இலங்கையின் பட்டறிவு

இலங்கையில் 1946 ஆம் ஆண்டு டி.டி.டி தெளிப்புத் தொடங்கியது. அவ்வாண்டில் சுமார் 28 இலட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 1963 ஆம் ஆண்டில் வெறும் 17 ஆகக் குறைந்தது. நோய் அற்றுப்போயிற்று எனக் கருதி 1964 ஆம் ஆண்டளவில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. சில ஆண்டுகளில் நோய் மீண்டும் பரவி, 1969 ஆம் ஆண்டில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. மீண்டும் டி.டி.டி தெளிக்கப்பட்டபோது, கொசுக்கள் அதற்குப் பழகிவிட்டமை தெரியவந்தது.

1970களின் நடுப்பகுதியில் இலங்கை மலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லிக்கு மாறியது. இம்முறை அரசு அதனை வேளாண்மைக்குப் பயன்படுத்தத் தடை விதித்து, மலேரியாக் கட்டுப்பாட்டிற்கென ஒதுக்கிவைத்தது. முன்னைய தவறிலிருந்து பெற்ற பாடமாக இது கருதப்படுகிறது. பின்னர் பல பூச்சிக்கொல்லிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல், நோயாளிகளை விரைவாகக் கண்டறிந்து மருந்தளித்தல் ஆகியவற்றால் நோய் படிப்படியாகக் குறைந்தது. 2012 ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டில் தொற்றிய மலேரியா எதுவும் பதிவாகாத நிலையில், 2016 ஆம் ஆண்டு செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது.

தூத்துக்குடியும் நீர்த்தொட்டிகளும்

நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி ஆகும். இது கிணறு, மேல்நிலைத் தொட்டி, நிலத்தடித் தொட்டி போன்ற தூய நீர்நிலைகளில் முட்டையிடும். தூத்துக்குடி மழை குறைந்த பகுதியாகும். நகரின் குடிநீர் தாமிரபரணி ஆற்றிலிருந்து கொண்டுவரப்படுகிறது. நீரைச் சேமித்து வைத்தே வாழவேண்டிய இத்தகைய நகரங்கள் இக்கொசுவிற்கு ஏற்றவையாகும்.

ஒழிப்புத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஊர்ப்புற வீடுகளே முதன்மையாகக் கருதப்பட்டன. நகரங்கள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் விடப்பட்டன. ஊர்ப்புறங்களில் நோய் குறைந்த பின்னர் நகரங்களே அதன் தங்கிடங்களாக மாறின. இதனைச் சரிசெய்ய 1971 ஆம் ஆண்டு நகர்ப்புற மலேரியாத் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் இத்திட்டத்தின் கீழ்வந்த நகரங்களுள் தூத்துக்குடியும் ஒன்றாகும்.

இத்திட்டத்தில் சுவர்த் தெளிப்பிற்கு மாறாக இளம்புழுக்களை நீரிலேயே அழிப்பது முதன்மை பெற்றது. ஆனால் அந்நீர் மக்கள் குடிக்கும் நீராகவும் இருந்தமையால் சிக்கல் எழுந்தது. எண்ணெய் ஊற்றுவது கழிவுநீருக்கு மட்டுமே பொருந்தும். குடிநீரில் இடுவதற்கு டெமெஃபாஸ் என்னும் மருந்து, 1 லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாத அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இவ்வளவில் இது மனிதருக்குத் தீங்கு குறைந்தது எனக் கருதப்பட்டாலும், நீரில் வாழும் சிறிய ஓட்டுடலிகளுக்கு நச்சாகும். மேலும் இதனையே தொடர்ந்து பயன்படுத்திய இடங்களில் கொசுக்கள் இதற்கும் எதிர்ப்புத்தன்மை பெறுகின்றன.

துறைமுகத்திற்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள், துறைமுகப் பயணிகள் மற்றும் சரக்குப் பகுதிகளைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் தொலைவு வரை நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தக் கோருகின்றன. கொசு கப்பலேறிச் செல்லும் என்பது வெறும் ஊகமன்று. 2012 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கையின் மன்னாரிலும் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்தில் பிடிக்கப்பட்ட இவ்வினக் கொசுக்கள் டி.டி.டி, மலத்தியான், பைரித்திராய்டு ஆகிய மூவகைப் பூச்சிக்கொல்லிகளுக்கும் எதிர்ப்புத்தன்மை கொண்டிருந்தன. ஓரிடத்தில் உருவாகும் எதிர்ப்புத்தன்மை கொசுவுடன் சேர்ந்து பிற நாடுகளுக்கும் செல்லக்கூடியது.

மனிதருக்கு நேர்ந்த தீங்குகள்

பூச்சிக்கொல்லியின் நச்சை முதலில் எதிர்கொள்பவர் அதனைக் கலந்து தெளிக்கும் தொழிலாளியே ஆவார். 1976 ஆம் ஆண்டு பாகிஸ்தானின் மலேரியாத் திட்டத்தில் பணியாற்றிய தெளிப்பாளர்களுள் சுமார் 2,800 பேர் மலத்தியானால் நச்சுக்கு உள்ளாயினர். ஐவர் இறந்தனர். சேமிப்பின்போது மருந்தில் ஐசோமலத்தியான் என்னும் கடும் நச்சுப்பொருள் உருவாகியிருந்ததே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. போதிய பாதுகாப்பு உடையின்றிப் பணியாற்றியதும் பாதிப்பை மிகுவித்தது.

டி.டி.டி உடனடி நச்சு குறைந்தது எனினும், உடலின் கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் வெளிப்படுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 ஆம் ஆண்டில் டி.டி.டியையும் மலத்தியானையும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என வகைப்படுத்தியது.

வீடுகளில் ஏற்றப்படும் கொசுவர்த்திச் சுருளும் கருதத்தக்கது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு இணையானது என 2003 ஆம் ஆண்டு ஆய்வொன்று கணக்கிட்டது. கொசுவைத் தடுக்க மூடிய அறையில் ஏற்றப்படும் சுருள் நுரையீரலுக்குச் சுமையாகிறது.

கடலும் முத்துச்சிப்பியும்

டி.டி.டி எளிதில் சிதைவதில்லை. நீரில் கரையாமல் கொழுப்பில் சேர்வதால் உணவுச்சங்கிலியில் மேலே செல்லச்செல்ல அதன் செறிவு கூடுகிறது. இதனை உயிரிப் பெருக்கம் என்பர். மீனுண்ணும் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்ததற்கு இதுவே காரணம். 1962 ஆம் ஆண்டு வெளியான ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' என்னும் நூல் இத்தகைய பாதிப்புகளை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிப் பார்களுக்கும் சங்குகளுக்கும் பெயர்பெற்றது. முத்துச்சிப்பி கடல்நீரை வடிகட்டி உணவு பெறும் உயிரினமாகும். இத்தகைய சிப்பிகள் நீரிலுள்ள மாசுகளையும் உடலில் சேர்த்துக்கொள்வதால், உலகின் பல கடற்கரைகளில் மாசை அளக்கும் கருவிகளாகவே பயன்படுத்தப்படுகின்றன. இந்தியக் கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. எனினும் அதற்குப் பூச்சிக்கொல்லிகளே காரணம் எனக் கூறுவதற்கில்லை. பார்களில் சிப்பிவளம் பெருகுவதும் பல ஆண்டுகள் அற்றுப்போவதும் டி.டி.டி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே பதிவாகியுள்ளன.

பூச்சிக்கொல்லிகள் கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் வழியை, தமிழகக் கடற்கரையின் வடபகுதியிலுள்ள பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 1980களின் இறுதியில் ஆராய்ந்தனர். வயல்களில் இடப்பட்ட எச்.சி.எச் என்னும் பூச்சிக்கொல்லியின் பெரும்பகுதி வெப்பத்தால் ஆவியாகிக் காற்றில் கலப்பதையும், மிகச் சிறுபகுதியே ஆற்றுவழியே கடலைச் சேர்வதையும் அவர்கள் கண்டனர். அதாவது, வெப்ப நாடுகளில் தெளிக்கப்படும் நச்சு அங்கேயே தங்காமல் காற்றின்வழி உலகெங்கும் பரவுகிறது.

மருந்துகளின் தீங்குகள்

மலேரியா மருந்துகள் பெரும்பாலானோருக்கு உரிய அளவில் பாதுகாப்பானவையே. எனினும் ஒவ்வொன்றிற்கும் தனித்த இடர்கள் உள்ளன.

* குயினைன்: காதிரைச்சல், தலைச்சுற்றல், பார்வைக் குறைபாடு ஆகியவற்றை ஏற்படுத்தலாம். இதனை ஒழுங்கற்று உட்கொண்டவர்களிடம் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருமையாகும் கருநீர்க் காய்ச்சல் காணப்பட்டது.
* குளோரோகுயின்: 1934 ஆம் ஆண்டு ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. அரிப்பு, குமட்டல் ஆகியன பொதுவானவை. பல ஆண்டுகள் உட்கொண்டால் விழித்திரை பாதிக்கப்படலாம். அளவு மீறினால் இதயத் துடிப்பு நின்று உயிரிழப்பு நேரலாம்.
* பிரைமாகுயின்: வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்குவதைத் தடுக்கிறது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இது சிவப்பணுச் சிதைவை ஏற்படுத்தும். இக்குறைபாடு 1956 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இம்மருந்து வழங்கப்படுவதில்லை.
* மெஃப்ளோகுயின்: தூக்கமின்மை, மனக்கலக்கம், மனச்சோர்வு ஆகியவற்றை ஏற்படுத்தலாம். 2013 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது.

தமிழக நகரங்களில் பெரும்பாலும் காணப்படுவது வைவாக்ஸ் வகை மலேரியாவாகும். இதற்குப் பிரைமாகுயினை 14 நாட்கள் உட்கொள்ளவேண்டும். காய்ச்சலோ இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். நலமடைந்ததாக எண்ணி மருந்தை இடையில் நிறுத்துபவருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பக்கூடும். அவர் வழியே கொசுக்களுக்கும் தொற்று பரவுகிறது.

மருந்தெதிர்ப்பு

கொசுவில் நிகழ்ந்த அதே தேர்வு ஒட்டுண்ணியிலும் நிகழ்ந்தது. குளோரோகுயினை எதிர்க்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி 1950களின் இறுதியில் தாய்லாந்து - கம்போடியா எல்லையில் தோன்றியது. உணவு உப்பில் மலேரியா மருந்தைச் சிறிதளவு கலந்து மக்களுக்கு வழங்கும் முறை அக்காலத்தில் சில நாடுகளில் கையாளப்பட்டது. ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கப்படுத்தப் போதுமான இவ்வளவு மருந்தே எதிர்ப்புத்தன்மையை ஊக்குவித்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இந்தியாவில் இது 1973 ஆம் ஆண்டு அசாமின் கார்பி ஆங்லோங் பகுதியிலும், இலங்கையில் 1984 ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டது.

இந்தியாவில் காய்ச்சல் கண்ட அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்னரே குளோரோகுயின் கொடுக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. இதனால் மலேரியா இல்லாதோரும் மருந்து உட்கொண்டனர். விரைவுப் பரிசோதனைக் கருவிகள் வந்த பின்னர் இம்முறை கைவிடப்பட்டது. 2010 ஆம் ஆண்டு முதல் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. இரு மருந்துகளையும் ஒருசேர எதிர்க்கும் ஒட்டுண்ணி உருவாவது அரிது என்பதே கூட்டு மருந்தின் அடிப்படையாகும்.

மாற்று வழிகள்

* கொசுமீன்கள்: கம்பூசியா மீன் 1928 ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இது கொசுப்புழுக்களை உண்ணும். ஆனால் இயற்கை நீர்நிலைகளில் விட்டால் உள்ளூர் மீன்களின் முட்டைகளையும் தவளைக் குஞ்சுகளையும் அழிக்கும். எனவே வேதிப்பொருள் அல்லாத வழிகளும் முற்றிலும் தீங்கற்றவை அல்ல.
* நுண்ணுயிர்க்கொல்லி: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் பாக்டீரியா 1976 ஆம் ஆண்டு இஸ்ரேலில் கண்டறியப்பட்டது. கொசுப்புழுக்களையும் அவற்றையொத்த சில பூச்சிகளின் புழுக்களையும் மட்டுமே கொல்லும். 1975 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் இதன் உற்பத்தித் தொழில்நுட்பத்தை உருவாக்கியது.
* மருந்தூட்டிய கொசுவலை: பைரித்திராய்டு ஊட்டப்பட்டது. மனிதருக்குத் தீங்கு குறைந்தது. மீன், இறால் ஆகியவற்றிற்குக் கடும் நச்சு என்பதால் இவ்வலைகளை ஆற்றிலோ கடலிலோ அலசுதல் கூடாது.
* மூடிய தொட்டி: மேல்நிலைத் தொட்டிகளையும் கிணறுகளையும் கொசு நுழையாதவாறு மூடுதல். இதற்கு வேதிப்பொருள் தேவையில்லை. இதனை எதிர்க்கும் தன்மையையும் கொசு பெறமுடியாது.

தவறான கருத்துகள்

'மௌன வசந்தம்' நூலின் தாக்கத்தால் டி.டி.டி தடைசெய்யப்பட்டதே இலங்கையில் மலேரியா திரும்பக் காரணம் என்னும் கருத்துப் பரவலாகக் காணப்படுகிறது. இது சரியன்று. அங்கு நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டதாலேயே தெளிப்பு நிறுத்தப்பட்டது. நோய் திரும்பியதும் டி.டி.டி மீண்டும் பயன்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் டி.டி.டி தடைசெய்யப்பட்டது 1972 ஆம் ஆண்டிலாகும். 2001 ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டிற்கு டி.டி.டி பயன்படுத்த விலக்கு அளித்தது.

இதற்கு நேர்மாறாக, பூச்சிக்கொல்லிகளால் நன்மையே இல்லை எனக் கூறுவதும் சரியன்று. 1940களிலும் 1950களிலும் டி.டி.டி இந்தியாவிலும் இலங்கையிலும் பெருந்தொகையான உயிர்களைக் காத்தது. வயலுக்கும் வீட்டிற்கும் ஒரே மருந்தைப் பயன்படுத்தியமை, நோய் குறைந்தவுடன் கண்காணிப்பைக் கைவிட்டமை, மருந்தை அரைகுறையாக வழங்கியமை ஆகியனவே அந்நன்மை நீடிக்காமல் போனதற்கு முதன்மைக் காரணங்களாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மலேரியா
* டி.டி.டி
* எதிர்ப்புத்தன்மை
* மன்னார் வளைகுடா
* முத்துக்குளித்தல்
* ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை